எதிர்வீட்டுப் பாத்தி

ஏழு மாதமாக ஊமையாகக் கிடந்த ஐசக், பங்குனி மாதத்தில் ஒரு காலை வாய் திறந்து ஒரு சொல் சொன்னான். ஒன்பதரை மணி இருக்கும். மலர்க்கொடி அவனுடைய நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த வாய்க்குக் கையைக் கொண்டுபோனபோது, அவன் அவள் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்து, "மஞ்ச" என்றான்.

குளறல் இல்லாமல் தெளிவாக வந்தது சொல். அவளுக்குக் கையில் இருந்த இட்லி நழுவி அவன் லுங்கியில் விழுந்தது.

"இன்னாய்யா? மஞ்சளா? மஞ்சள் எதுக்கு?"

அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். அவள் திரும்பிப் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், சுகிர்தா வீட்டு முன்னால் போட்டிருந்த பாத்தியின் ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் பூ விரிந்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவுதான்.

அன்று காலை முழுக்க மலர்க்கொடி சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் திரிந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் வசந்த்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்குக் களை எடுக்கப் போன இடத்தில் பக்கத்து வரிசைக்காரிகளிடமெல்லாம் சொன்னாள். மத்தியான வெயிலில் வரப்பில் உட்கார்ந்து கூழைக் குடிக்கும்போதுதான் அந்த நினைப்பு முதன்முதலில் வந்து குத்தியது. ஏழு மாதம் தூக்கி உட்காரவைத்து, கால் கழுவிவிட்டு, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டவள் அவள். அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல்லோ எதிர்வீட்டுக்காரி வைத்த செடிக்கு. மீதிக் கூழைக் கீழே கொட்டினாள்.

ஐசக் கொத்தனார். போன ஆடியில், பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருக்கும்போது சாரத்தின் மேலேயே வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தான். காலில் கொஞ்சம் அசைவு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. வார்த்தைதான் வெளிய வர வழி தெரியாம நிக்குது. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்பினாள் டாக்டரம்மா. மலர்க்கொடியும் பேசத்தான் செய்தாள். முதல் இரண்டு மாதம் ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். பதில் வராத ஆளோடு எத்தனை நாள் பேச முடியும்? மெல்ல மெல்ல அது நாலு கேள்வியாகச் சுருங்கிப்போனது. பசிக்குதா, தண்ணி வேணுமா, ஒண்ணுக்குப் போவணுமா, படுக்கிறியா. நாலுக்கும் தலையாட்டினால் போதும்.

காலையில் தகரக் கொட்டகைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மத்தியானம் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போவாள். நாற்காலிக்கு நேர் எதிரே சுகிர்தா வீடு.

சுகிர்தாவுக்கு ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் தோட்ட வேலை. காலை ஆறரை பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள். புருஷன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மகள் நர்ஸிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். தை முடிந்ததும் சுகிர்தா வீட்டு முன்னால் மண்ணைக் கொத்தி, எரு போட்டு, வாசலுக்கு இரண்டு பக்கமும் பாத்தி கட்டினாள். கல்லூரியில் நட்டு மிஞ்சிய நாற்றுகளைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். எதை எங்கே வைப்பது என்று அவளுக்குக் கணக்கு இருந்தது. சுவரை ஒட்டி நித்தியகல்யாணி, வெள்ளையும் ரோஸும். அதற்கு முன்னால் கோழிக்கொண்டை. அதற்கும் முன்னால் ஜீனியா. தெருவோரத்தில் தரையோடு படரும்படி டேபிள் ரோஸ், ஐந்து நிறத்தில். சுற்றிலும் முள்வேலி, நடுவில் கதவுபோல ஒரு படல்.

மார்ச் மாதம் முடிவதற்குள் பாத்தி பற்றிக்கொண்டது. ஊரில் மற்ற வீட்டுச் செடிகளெல்லாம் தலை தொங்கிக் கிடக்க, சுகிர்தா வீட்டுப் பூக்கள் வெயில் ஏற ஏற வாயைத் திறந்தன. டேபிள் ரோஸ் ஒன்பதரைக்கு விரியும், இரண்டு மணிக்கு மூடிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், வளர்த்தவள் அதை விரிந்து பார்த்ததே ஞாயிற்றுக்கிழமையில்தான். மற்ற நாளெல்லாம் பார்த்தவன் ஐசக். அதனால்தான் சாயங்காலம் பஸ் இறங்கியதும், பையை வாசலில் வைத்துவிட்டு, சுகிர்தா தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வருவாள். நாற்காலிக்கு முன்னால் நின்று ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அண்ணே, இன்னிக்கு எத்தினி பூத்துச்சு?"

முதலில் அவன் விரலைக் காட்டினான். அப்புறம் "ஏயு" என்றான். அடுத்த வாரம் "சேப்பு மூணு" என்றான். சுகிர்தா கைப்பிடிச் சுவர் கூட இல்லாத அந்தக் கொட்டகையில், கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிஷம் ஆனாலும் அவசரப்பட மாட்டாள், அவனுக்குப் பதிலாகத் தான் சொல்லவும் மாட்டாள். மலர்க்கொடி அடுப்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெங்காயத்தை அவள் அப்போதெல்லாம் ரொம்பப் பொடியாக அரிந்தாள்.

பொறாமைக்கு ஞாபகசக்தி அதிகம். சுகிர்தா வீட்டுச் சுவரைக் கட்டிப் பூசியது ஐசக்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அந்த வேலைக்கு எத்தனை நாள் போனான் என்று மலர்க்கொடி இப்போது யோசித்தாள். தன் வீட்டுப் பின்சுவர் இன்னும் பூசாமல் செங்கல் தெரிய நிற்கிறது. அந்தச் சுவர் மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது? அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இல்லாததுதான் அவளை அதிகம் வருத்தியது. ஏதாவது இருந்திருந்தால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். "எம் புருஷன்கிட்ட பூவை எண்ணச் சொல்றா" என்று யாரிடம் போய்ப் பஞ்சாயத்து வைப்பது?

ஒரு வியாழக்கிழமை உத்திரமேரூர் போனாள். மருந்து வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டோரத்தில் இருந்த நர்சரிக்குள் நுழைந்தாள். நடவு நடத் தெரியும், களை எடுக்கத் தெரியும். பூச்செடி என்று காசு கொடுத்து அவள் வாங்கியதே இல்லை. கறுப்பு வலைக்குக் கீழே சின்னச் சின்னப் பைகளில் வரிசை வரிசையாக நின்றவற்றைப் பார்க்கப் பார்க்கக் கண் கூசியது. நர்சரிக்காரர் வெங்கடேசன் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு வந்தார்.

"வெயிலு காலத்துக்குத்தானேம்மா? ஜீனியா எடுத்துக்க. கோயிக்கொண்டை கீது. டேபிள் ரோஸ் கீது. ஒண்ணும் ஆவாது, சாவுன்னாலும் சாவாது."

"அதெல்லாம் வாணாம். வேற சொல்லு."

"வேற இன்னா வேணும்?"

அவள் வலைக்கு உள்ளே ஒரு மூலையைக் காட்டினாள். குழாய் மாதிரி வாய் விரிந்த பூக்கள். ஊதா, ரத்தச் சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட நீலம். உள்ளங்கை அகலம் இருந்தது ஒவ்வொன்றும்.

"அது பெட்டூனியாம்மா. சீசன் முடிஞ்சிபோச்சி. நெயல்ல வச்சிக்கினு கீறேன், அதான் நிக்குது. வெயிலு தாங்காது."

"எதிர்வூட்டுல இது கீதா இல்லியா, அத்தத்தான் நான் பாக்கணும்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "தாங்கும். தண்ணி நான் ஊத்திக்கிறேன்" என்றாள். பன்னிரண்டு செடி எடுத்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வந்த வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

நாற்காலிக்குப் பக்கத்திலேயே, அவன் குனிந்தால் தெரியும்படி பாத்தி கட்டி நட்டாள். அன்றைக்கு அவன் பார்த்தான். பார்த்தது நிஜம். ஊதாப் பூவை இடது கை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தான். அவள் மண்கையோடு அவன் முன்னால் உட்கார்ந்து, "இன்னா கலரு சொல்லு" என்றாள். அவன் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். "சீக்கிரம் சொல்லுய்யா. ஊதா. ஊதா சொல்லு" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

நாலாம் நாள் இலை சுருண்டது. காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அடித்தண்டு அழுகியது. எட்டாம் நாள் பன்னிரண்டும் வெந்த கீரை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தன. சாயங்காலம் எண்ணிக்கை கேட்க வந்த சுகிர்தா அதைக் குனிந்து பார்த்தாள்.

"யக்கா, இது பனிக்குப் பூக்குறது. எங்க காலேஜுலயே டிசம்பர்லதான் வைப்போம். நான் டேபிள் ரோஸ் கிள்ளித் தரேன், அப்பிடியே மண்ணுல சொருவு. வேரு கூட வாணாம்."

"உன் கிள்ளலு எனக்கு எதுக்கு? உன் வூட்டோட வச்சிக்க."

சுகிர்தா நிமிர்ந்து ஐசக்கைப் பார்த்து, "எத்தினிண்ணே?" என்றாள். அவன் "சேப்பு. பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு, கோணின வாயோடு சிரித்தான். தொண்டையிலிருந்து சத்தம் வந்த சிரிப்பு. ஆடிக்கு அப்புறம் மலர்க்கொடி அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

அது பெரிய வியாழன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு மலர்க்கொடி அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் யாருய்யா? எம் பேரு இன்னா? சொல்லு பாப்போம்."

அவன் முயன்றான். நெற்றியில் நரம்பு புடைத்தது. "ம" என்றான். "ம... ம..." அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்ச" என்றான்.

தப்பு என்று அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. தலையை வேகமாக ஆட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சர்ச்சில் மும்மணி ஆராதனை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சுகிர்தா பதினொன்றரைக்கே கிளம்பினாள். படலைச் சாத்திக் கயிற்றை மாட்டிவிட்டு, "ஈஸ்டருக்கு ஆல்டர்ல நம்ம பூதாங்கா வைக்கிறாங்க. பாஸ்டரம்மா ஜீனியாவும் கொண்டையும் கேட்டாங்க. நாளைக்குத்தான் அறுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனை விட்டுவிட்டு வர முடியாததால் மலர்க்கொடி போகவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. தார் ரோட்டில் கானல் அலைந்தது.

மலர்க்கொடியின் ஆடு வீட்டுப் பக்கவாட்டில் முளைக்குச்சியில் கட்டியிருந்தது. அதற்குத் தண்ணீர் வைக்கத்தான் அவள் போனாள். தண்ணீர் வைத்த கை, நிமிரும்போது கயிற்று முடிச்சை அவிழ்த்தது. ஓர் இழுப்புத்தான், லேசான முடிச்சு. ஆடு தெருவுக்கு வந்து எதிர்வேலியில் மூக்கை வைத்து உரசியது, முள் குத்தியதும் பின்வாங்கியது. அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு தெருவைத் தாண்டிப் போய்ப் படலின் கயிற்றை எடுத்துவிட்டு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அதை நகர்த்தினாள். திரும்பி வரும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஐசக் கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நேராக வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆ" என்று சத்தம் வந்தது. "ஆ... ஆ... ஏய்..." ஆட்டை விரட்டுகிறான். அவள் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினாள். சத்தம் பெரிதானது. நாற்காலிக் கால் சிமெண்டுத் தரையில் கீச்சென்று இழுபட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. தொப்பென்று ஏதோ விழுந்தபோதுதான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஐசக் கொட்டகையைத் தாண்டித் தெருவில் குப்புறக் கிடந்தான். நாற்காலி கவிழ்ந்திருந்தது. இடது முழங்கையை ஊன்றி ஊன்றி, செத்த காலை இழுத்துக்கொண்டு, கொதிக்கிற ரோட்டில் எதிர்வீட்டைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தான். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவன் அவளைத் தள்ளினான். அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி ஆட்டைப் பிடித்தாள். அதற்குள் ஜீனியா எல்லாம் மொட்டையாகியிருந்தது. கோழிக்கொண்டைகள் கழுத்தோடு போயிருந்தன. டேபிள் ரோஸ் பாதி தின்று, பாதி மிதிபட்டுத் துண்டு துண்டாகத் தெருவரை சிதறிக் கிடந்தது. சுவரோரத்து நித்தியகல்யாணியை மட்டும் ஆடு தொடவில்லை. அதன் கசப்பு ஆட்டுக்குத் தெரியும்.

மூன்றேகாலுக்குச் சுகிர்தா வந்தாள். படலுக்கு முன்னால் நின்றாள். பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தெருவைத் தாண்டி, வழக்கம்போல ஐசக்குக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் முழங்கையில் மலர்க்கொடி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் கயித்த மாட்டிட்டுத்தான் போனேன். எப்பிடிண்ணே தெறந்துச்சு? நீ பாத்தியா?"

மலர்க்கொடியின் கை நின்றுவிட்டது. இத்தனை மாதமாக அவன் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், அவன் வாய் வராமல் போகட்டும் என்று அந்த நேரத்தில் கர்த்தரைக் கேட்டாள்.

"ம" என்றான் ஐசக்.

"மெதுவா சொல்லுண்ணே."

"ம... ம..."

"மஞ்சளாண்ணே? மஞ்ச போச்சேன்னு சொல்றியா?"

அவன் தலையை ஆட்டி மறுத்தான். கழுத்து நரம்பு இழுத்தது, கடைவாயில் எச்சில் கோத்தது. சுகிர்தா காத்திருந்தாள். தன் பாத்தி அழிந்து கிடக்கிற அந்த நேரத்திலும் அவள் அவசரப்படவில்லை.

"மலரு" என்றான்.

சுகிர்தாவின் முகம் மாறியது. குனிந்து மலர்க்கொடியின் தோளைத் தொட்டாள். "யக்கா, உன் பேருக்கா. உன் பேரைச் சொல்றாரு. உன்னத்தான் கூப்புடுறாரு பாரு." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பூவுக்காக வந்ததா, இதற்காக வந்ததா என்று மலர்க்கொடிக்குத் தெரியவில்லை. அந்தக் கை தோளில் இருந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"கூப்புடல" என்றாள். "நீ கேட்டதுக்குப் பதிலு சொல்றாரு. ஆட்டை அவுத்ததும் நான்தான், படலத் தெறந்ததும் நான்தான்."

சுகிர்தா கையை எடுத்துக்கொண்டாள். "ஏங்கா?" என்றாள்.

"உங்கிட்டதான பேசுறாரு."

"நான் கேக்குறேன், அவரு சொல்றாரு. அவ்ளோதானக்கா."

சுகிர்தா திரும்பிப் போய்ப் படலைச் சாத்தினாள். மறுநாள் மிஞ்சியிருந்த நித்தியகல்யாணியை மட்டும் அறுத்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள்.

ஐசக் அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் மலர்க்கொடி ஊட்ட வந்தபோது வாயைத் திறக்கவில்லை. தட்டை இடது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பாதி சிந்தி, பாதி வழிய, தானே தின்றான். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கப்புறம் அவள் ஊட்டவேயில்லை. சுகிர்தா பஸ் இறங்கினால் நேராகத் தன் வீட்டுக்குள் போனாள். ஐந்தரை மணிக்கு ஐசக் தெருமுனையைப் பார்ப்பான், பையோடு அவள் கடந்து போவதைப் பார்ப்பான், பிறகு தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் மலர்க்கொடி அவன் பக்கத்தில் போய் நின்று, "இன்னிக்கு எத்தினிய்யா?" என்று கேட்டாள். எதிரே பூ எதுவும் இல்லை. அவன் பதில் சொல்லவில்லை. மறுநாளும் கேட்டாள். பதில் வரும்வரை நிற்பது எப்படி என்று அவளுக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. நின்றாள். கால் கடுத்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தெருவில் சிதறிக் கிடந்த டேபிள் ரோஸ் துண்டுகளைக் கூட்டி எறியப் போனவள், எறியாமல் தன் வீட்டுக் காலிப் பாத்தியில் சொருகி வைத்திருந்தாள். பூ இல்லாத தண்டுகள். எது என்ன நிறம் என்று தெரியாது. யாருடைய செடி என்று கேட்டால் சொல்ல வாயும் கிடையாது. இரண்டு வாரம் செத்த மாதிரி கிடந்துவிட்டு, அக்னி நட்சத்திரம் தொடங்கியபோது துளிர்த்தன.

மே மாதத்தில் ஒரு காலை, பத்தரை மணிக்குக் களத்திலிருந்து திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. ஐசக் நாற்காலியோடு வெளியே, நடு வெயிலில் உட்கார்ந்திருந்தான். எப்படி இழுத்துக்கொண்டு வந்தான் என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் வேர்வை, முகம் சிவந்து போயிருந்தது. உள்ளே தூக்கிப் போகப் பிடித்தாள். அவன் நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டு, கீழே பார்த்தான். அவளும் பார்த்தாள். தண்டின் நுனியில் ஒரு மொட்டு பாதி அவிழ்ந்து, நிறம் இன்னதென்று சொல்ல முடியாமல் மடிந்திருந்தது. காலை வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து வரும் நேரத்தில் அவன் அங்கே உட்கார்ந்தால் அவன் நிழல் அதன்மேல் விழும். நிழல் விழுந்தால் அது விரியாது.

மலர்க்கொடி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்து அவன் தலைக்கு மேலே பிடித்தாள். துண்டின் நிழல் செடிமேல் சாய்ந்தது. ஒரு அடி தள்ளி நின்றாள். அப்போது அவன் தோளில் வெயில் விழுந்தது. கையை உயர்த்தி, உடம்பை வளைத்து, அவனுக்கு மட்டும் நிழலாகவும் செடிக்கு வெயிலாகவும் வரும்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து நின்றாள். எதிரே சுகிர்தா வீட்டில் யாரும் இல்லை, படல் சாத்தியிருந்தது. சூரியன் நகர நகர அவளும் கால் கால் அடியாக நகர்ந்துகொண்டிருந்தாள்.